டாக்டரிடம் சொல்வேன் என்ற பதில் அந்தத் தேர்வில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு நர்ஸ் வேலை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நாகர்கோவிலில் இருந்து அம்மா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நான் டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸாக, வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரிதான் இருந்தது: அமெரிக்காவில் ஒரு தேர்வு இருக்கிறது, அதில் பாஸாகிவிட்டால் நர்ஸும் டாக்டர் மாதிரி மருந்து எழுதலாம், தனியாக கிளினிக் நடத்தலாம். அடுத்த இரண்டு நாளில் ஊரிலிருந்து நான்கு பிள்ளைகள் எனக்கு போன் போட்டுவிட்டார்கள். எல்லோரும் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள். "அக்கா, அந்தப் பரீட்சைக்கு எத்தனை மாசம் படிக்கணும், மெட்டீரியல் இருந்தா அனுப்புங்க" என்பதுதான் நான்கு பேரும் கேட்டது. அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படிகளைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நர்சிங் முடித்துவிட்டு நேராகப் போய் இந்தத் தேர்வில் உட்கார முடியாது. என்கிளெக்ஸ் என்ற தேர்வை எழுதி முதலில் இங்கே பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு மேல் நர்ஸ் பிராக்டிஷனருக்கென்றே இருக்கும் முதுநிலைப் படிப்பையோ முனைவர் படிப்பையோ முடிக்க வேண்டும். வேலையும் பார்த்துக்கொண்டு படித்ததில் எனக்கு மூன்று வருஷம் போனது. நோய் உடம்பில் என்ன செய்கிறது, நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது, எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது என்ற மூன்றையும் மறுபடி ஆழமாகப் படிக்கிறோம். அப்புறம் ஒரு டாக்டரோடோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோடோ இருந்து நோயாளிகளை நேரில் பார்த்துப் பழக வேண்டும். அதற்குக் குறைந்தது 500 மணி நேரம் என்று பல வருஷமாக இருந்தது, 2022-ல் வந்த புதிய தேசிய வரையறை அதை 750 ஆக்கியிருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சான்றிதழ்த் தேர்வு, அதற்குப் பிறகு மாநில உரிமம். தனி கிளினிக் விஷயமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோ, அரிசோனா போன்ற இடங்களில் நடத்தலாம். நான் இருக்கும் டெக்சாஸில் ஒரு டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டால்தான் நான் மருந்து எழுத முடியும். சான்றிதழும் ஆயுளுக்கானது கிடையாது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிப்பையும் பணியையும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் பணி 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, டாக்டர் எட்டாத இடங்களில் இருக்கும் குழந்தைகளுக்காக நர்ஸ்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஃபோர்டு அம்மையார் 2025 ஜனவரியில் 104 வயதில் காலமானார். அன்றைக்கு எங்கள் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவுக்கு இரண்டு அமைப்புகள் தேர்வு நடத்துகின்றன, ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். ஏ.ஏ.என்.பி.சி.பி. நடத்துவதில் 150 கேள்வி, மூன்று மணி நேரம். அந்த 150-ல் 15 கேள்விகள் வருங்காலத் தேர்வுக்காக வைத்துப் பார்க்கும் சோதனைக் கேள்விகள், அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எந்தப் பதினைந்து என்று நமக்குத் தெரியாது. 200-லிருந்து 800 வரை போகும் அளவுகோலில் 500 எடுத்தால் பாஸ். இன்னொன்று ஏ.என்.சி.சி. நடத்துவது, 175 கேள்வி, மூன்றரை மணி நேரம், 500-க்கு 350 வேண்டும். அதில் ஆராய்ச்சி முறை, பணி நெறி, சட்டம் என்று நோயாளியைத் தாண்டிய விஷயங்களும் வரும். முதலாவது கிட்டத்தட்ட முழுக்க நோயாளியைச் சுற்றியே இருக்கும். இரண்டிலும் கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி வரும். நான் எழுதியது முதலாவதை.

2022 செப்டம்பரில் எழுதி 472 வாங்கித் தோற்றேன்.

அதை மறைக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் என்னிடம் மெட்டீரியல் கேட்ட நான்கு பேரும் நான் அன்றைக்குச் செய்த அதே தப்பைத்தான் செய்யத் தயாராக இருக்கிறார்கள். தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால், கூடப் படித்த ஒருத்தி மூலமாக ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். "போன தேர்வுகளில் வந்த கேள்விகள்" என்று அங்கே ஒரு பெரிய பிடிஎஃப் காசுக்கு விற்றார்கள். வாங்கினேன். நைட் டியூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரிய, கேள்வியையும் பதிலையும் மனப்பாடம் செய்தேன். நமக்கு இது கைவந்த கலைதான். பத்தாம் வகுப்பிலிருந்து நம்மை அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள். தேர்வில் ஒரு கேள்வி கண்ணில் பட்டதும் "இது அந்த 214-ஆவது கேள்வி" என்று மனசு குதிக்கும், முழுசாகப் படிக்காமலே விடையைத் தட்டிவிடுவேன். நோயாளியின் வயது வேறாக இருந்திருக்கும், இல்லையென்றால் கர்ப்பிணி என்ற ஒரு சொல் நடுவில் இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தக் கேள்வியையே வைத்திருப்பார்கள். அந்த பிடிஎஃப்பில் பழைய, தவறான விடைகளும் நிறைய இருந்தன. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை 50 வயதில் தொடங்கச் சொல்லியிருந்தது, 2021-லேயே அது 45 ஆகிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் தேர்வுக்குள் போகிறோம். அதை மீறி ஒருவர் வெளியே கொண்டுவந்ததை நான் காசு கொடுத்து வாங்கினேன். அது தப்பு, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

ஆனால் நான் தோற்றதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று உண்டு. அது எனக்கு அந்த மணிக்கணக்குப் பயிற்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் இரண்டாவது வாரம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் அம்மா. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் ஒருவர் வந்திருந்தார், 54 வயது. நான் உள்ளே போய் எல்லாம் கேட்டு, பரிசோதித்துவிட்டு வெளியே வந்து ஒப்பித்தேன்: பிபி 158-க்கு 96, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு கையிலும் பார்த்தேன், அதேதான், போன மாதம் மருந்துக்கடை மெஷினிலும் இதே அளவு இருந்திருக்கிறது, நெஞ்சுவலி இல்லை, பார்வை மங்கல் இல்லை, கால் வீக்கம் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லது. என்ன செய்யப் போகிறாய்?" என்றார். நான் சட்டென்று, "டாக்டரிடம் சொல்வேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சொல்ல வேண்டிய ஆள் நீதான். அவர் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் பரிசோதனை மேஜையில் விரித்திருந்த தாள் சரசரக்க உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ரத்த அழுத்தத்துக்கு என்னென்ன மருந்து உண்டு, எதை எப்போது கொடுக்கக் கூடாது, முதலில் என்ன ரத்தப் பரிசோதனை, எத்தனை வாரத்தில் திரும்ப வரச் சொல்ல வேண்டும் எல்லாம் தெரியும். வாய் வரவில்லை.

சென்னையில் ஆறு வருஷம் ஐசியுவில் இருந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கினால் ஒரு கை மாஸ்க்கை மாற்றும், இன்னொரு கை டியூட்டி டாக்டரைக் கூப்பிடும். அவர் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியும். பல நாள் அந்த ஊசி மருந்தை ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்து "இதைக் கொடுக்கலாம்" என்று சொன்னதில்லை. "சார், பேஷண்ட் சாச்சுரேஷன் 84" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம். அங்கே அதுதான் சரி, ஆர்டர் இல்லாமல் கொடுத்தால் அது குற்றம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அப்படி இருந்தால், முடிவெடுக்கும் இடம் வரும்போது மூளை தானாகவே பின்னால் ஒதுங்கி நிற்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வு சோதிப்பது அந்த இடத்தைத்தான். "அடுத்து என்ன செய்வாய்" என்று கேட்கும். கீழே நான்கு விடை இருக்கும், நான்கும் பார்க்க நியாயமாகவே இருக்கும். யாரிடமாவது சொல்லிவிட்டுக் காத்திருக்கும் விடை பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அநேகமாக அது தவறாக இருக்கும்.

தோற்ற பிறகு அந்த அமைப்பின் விதிப்படி, எந்தப் பகுதியில் குறைந்தோமோ அதில் 15 மணி நேரம் தொடர்கல்வி முடித்துச் சான்று கொடுத்தால்தான் மறுபடி எழுத விடுவார்கள். ஒரு காலண்டர் வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் எழுதவும் முடியாது. முதலில் அது தண்டனை மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு நல்லதே செய்தது. மதிப்பெண் தாளில் நான் திட்டமிடும் பகுதியில்தான் குறைந்திருந்தேன். நோயைக் கண்டுபிடிப்பதில் அவ்வளவு மோசமில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் விழுந்திருந்தேன்.

பிடிஎஃப்பை அழித்தேன். ஒரு நூற்றைம்பது பக்க நோட்டு வாங்கினேன். பயிற்சிக் கேள்விகள் ஒரு நாளைக்கு நாற்பது மட்டும், அதற்கு மேல் தொடுவதில்லை. தப்பான ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை எழுதாமல், நான் ஏன் அந்தத் தப்பு விடையைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினேன். இது கஷ்டம், வெட்கமாகவும் இருக்கும். "அவசரமாகப் படித்தேன்" என்று எழுதித் தப்பிக்கத் தோன்றும். அதை விடாமல் இழுத்து உட்கார்ந்து எழுதினால் மூன்று வாரத்தில் நம்முடைய சொந்தப் பழக்கம் அந்த நோட்டில் தெரிய ஆரம்பிக்கும். என்னுடையது இதுதான்: நெஞ்சுவலி என்றால் மாரடைப்பு, தலைவலி என்றால் மூளையில் ரத்தக்கசிவு. ஐசியுவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த நோயாளிகள்தான். தெருவில் நடந்து கிளினிக்குக்கு வரும் நோயாளியை நான் பார்த்ததே இல்லை. விலா எலும்பு ஓரத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்று சொல்லும் இருபத்தைந்து வயசுப் பையனையும் நான் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவு என்பதுதான் எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது. பத்து நாளாக இருமல், காய்ச்சல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, நுரையீரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சுத்தம், வேறு நோய் எதுவும் இல்லாத ஆள். அவருக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், தேன் கலந்த வெந்நீர் குடிக்கச் சொல்லி, எப்போது திரும்ப வர வேண்டும் என்று விளக்கி அனுப்புவதுதான் சரி. மூன்று வயசுக் குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் லேசான தொற்று, காய்ச்சல் பெரிதாக இல்லை என்றால், பெற்றோரோடு பேசி இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். வார்டில் வேலை பார்த்த கைக்கு இது ஒத்தே வராது. ஏதாவது டிரிப் தொங்கவிட வேண்டும், ஏதாவது போட வேண்டும் என்று கை பரபரக்கும்.

அதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. தேர்வில் வந்ததைச் சொல்ல மாட்டேன், நானே பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு கேஸை இங்கே சொல்கிறேன். 72 வயது அம்மா, இரண்டு வாரமாக நெற்றிப்பொட்டில் தலைவலி, முன்னால் இப்படி வந்ததே இல்லை. தலை சீவும்போது உச்சந்தலை வலிக்கிறது. சப்பாத்தி மாதிரி எதையாவது மெல்லும்போது தாடை வலித்து நிறுத்திவிடுகிறார். நேற்று சாயங்காலம் ஒரு கண் கொஞ்ச நேரம் மங்கியது. முதலில் என்ன செய்வீர்கள்? ஸ்கேன், ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, நெற்றி ரத்தக்குழாயில் சதை எடுத்துப் பார்ப்பது, உடனே ஸ்டீராய்டு. இதை முதன்முதலில் பார்த்தபோது நான் ஸ்கேன் என்றேன். இது ராட்சத செல் தமனி அழற்சி, தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் வரும் வீக்கம். பரிசோதனை முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அதற்குள் பார்வை போய்விடலாம், போனால் அநேகமாகத் திரும்பாது. ஸ்டீராய்டை உடனே தொடங்க வேண்டும், ரத்தம் எடுப்பதும் சதை எடுப்பதும் அதோடு சேர்ந்து நடக்கட்டும். அந்த அம்மாவுக்கு இருக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நோயின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பலமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இங்கே ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு, உண்ணி கடித்து வருவது. காய்ச்சல், கடும் தலைவலி, சில நாளில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கும் தடிப்பு. பரிசோதனைக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், சின்னக் குழந்தையாக இருந்தாலும். இங்கே பிறந்து வளர்ந்து படித்த என் வகுப்புத் தோழிகள் குழந்தைக்கு அந்த மருந்தா, பல் கறையாகுமே என்று தயங்கினார்கள். எனக்கு அந்தத் தயக்கம் வரவில்லை. தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற, பூச்சி கடித்து வரும் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்தவள் நான். அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிகரெட் சூடு வைத்த மாதிரி ஒரு கருப்புப் பொருக்கைத் தேடி, அது கிடைத்தால் முடிவு வரும் முன்பே அதே டாக்ஸிசைக்ளினை ஆரம்பிப்பார்கள். அம்மைப் புள்ளி, டிபி, ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு என்று இங்கே பலர் படத்தில் மட்டும் பார்த்ததை நாம் கையால் தொட்டிருக்கிறோம். தோல் நோய்களிலும் அப்படித்தான். படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சிவப்பாகக் காட்டுவார்கள், கருத்த தோலில் அது எப்படி ஊதாவாக, சாம்பலாகத் தெரியும் என்பது நமக்குக் கண்ணிலேயே இருக்கிறது. இதையெல்லாம் பழசு என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள்.

நமக்கு உண்மையிலேயே புதிதாக இருப்பது ஆரோக்கியமாக இருக்கிறவரைப் பார்ப்பதுதான். நோயே இல்லாதவர் வருகிறார், அவருக்கு எந்த வயதில் என்ன பார்க்க வேண்டும்? எப்போதாவது சிகரெட் பிடித்திருந்த 65-லிருந்து 75 வயது ஆணுக்கு வயிற்றுப் பெருந்தமனியை ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வார்டில் வெடித்த பிறகுதான் அது நம்மிடம் வரும். இந்த அளவுகள் மாறிக்கொண்டும் இருக்கும். மார்பகப் பரிசோதனையை 50 வயதில் தொடங்கலாம் என்று நான் படித்தேன், 2024-ல் அதை 40 ஆக்கிவிட்டார்கள். அதனால் யாருடைய பழைய நோட்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது தினமும் சாயங்காலம் காரில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுவேன். மகன் நீச்சல் வகுப்பில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம், மடியில் நோட்டு, காதில் போன். அம்மா பேசும்போது இடையிடையே இருமுவார். வறட்டு இருமல், சளி கிடையாது, ராத்திரி அதிகம். "குளிரு மக்ளே, வேறொண்ணும் இல்ல" என்பார். இரண்டு மாதமாக சிரப் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சுக்குக் கஷாயமும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒருநாள் நோட்டில் ஏ.சி.இ. தடுப்பு என்ற வகை பிபி மாத்திரைகளின் பக்க விளைவு என்ற தலைப்பின் கீழே "வறட்டு இருமல்" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் இருமலைக் கேட்டேன். பிபிக்கு என்ன மாத்திரை என்று கேட்டு அட்டையைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்: ராமிப்ரில். அதே வகை மாத்திரைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் போய் இருமலைச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் கேட்ட உடனே வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார், சில வாரத்தில் இருமல் நின்றது.

அந்த வரியை நான் நூறு தடவை படித்திருப்பேன். என்கிளெக்ஸுக்குப் படித்தேன், முதுநிலையில் படித்தேன், முதல் தடவை தேர்வுக்கு மனப்பாடமும் செய்தேன். என் அம்மா இரண்டு மாதம் என் காதிலேயே இருமியும் அது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் நான் படிக்கும் முறையை முழுசாக மாற்றினேன். மருந்துப் பட்டியலைப் படிப்பதை விட்டேன். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஆளை வைத்துக்கொண்டேன். ராமிப்ரில் என்றால் அம்மா. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் சிறுநீரகம் கெட்டுப்போன எங்கள் பெரியப்பா, சிறுநீரகம் வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனால் அவருக்கு அது கூடாது. மருந்தைப் பார்த்தால் ஆள் நினைவுக்கு வர வேண்டும், ஆளைப் பார்த்தால் மருந்து நினைவுக்கு வர வேண்டும்.

மற்றபடி சின்ன விஷயங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் படிக்காதீர்கள், தூங்குங்கள். நான் ஒன்பது மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்தேன். கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள். கிடைத்த முதல் விடையில் நின்றுவிடாமல் நான்கையும் படியுங்கள். கடைசி மூன்று வாரம் கடிகாரம் வைத்து முழுத் தேர்வாக எழுதிப் பாருங்கள், 150 கேள்வியும் ஒரே இருப்பில், எழுந்து போகாமல். நூறாவது கேள்விக்கு மேல் மூளை களைத்துப்போகும், அந்தக் களைப்பு முன்னாலேயே பழகியிருக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் மறுபடி எழுதினேன். உள்ளே விடும்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், சட்டைக் கையை மடக்கச் சொன்னார்கள், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன், போன், வாட்ச், மோதிரம் எல்லாம் லாக்கரில். தெரியாத கேள்விக்குக் குறி போட்டுவிட்டு நகர்ந்தேன், அங்கேயே நின்று சண்டை போடவில்லை. முடித்து வெளியே வந்தபோது வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை மடித்துக் கவிழ்த்துக் கொடுத்தாள். கார் வரைக்கும் அதைப் பிரிக்காமல் கொண்டுபோனேன். பாஸ் என்று ஒரே சொல். முதல் போன் அம்மாவுக்குத்தான், ஊரில் அப்போது நடுராத்திரி.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெளிநாட்டு வேலை பற்றி எழுதும்போது முழுப் பாதையையும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு நகையை அடகு வைக்கப் போகிறவர்கள். இரண்டு வரியில் முடித்தால் நடுவில் இருக்கும் ஐந்தாறு வருஷம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, நர்ஸ் பிராக்டிஷனர் என்பது அமெரிக்கா போனால்தான் என்பதும் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2016-லேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. 2018-ல் மத்திய அரசு பிரசவம் பார்க்கும் நர்ஸ்களுக்காக 18 மாதப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அவற்றைப் படித்தவர்கள் இன்றைக்கு எங்கே, என்ன வேலை பார்க்கிறார்கள், முடிவெடுக்க அவர்களை விடுகிறார்களா என்று உங்கள் நிருபர் யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும். என்னைப் போல ஊரைவிட்டுப் போய்விடாமல் அங்கேயே இந்த வேலையைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி திருநெல்வேலியில் ஐசியுவில் இருக்கிறாள், என்கிளெக்ஸுக்குப் படிக்கிறாள். மெட்டீரியல் அனுப்பவில்லை, அதற்குப் பதிலாக எனக்கு வெள்ளி ராத்திரி, அவளுக்குச் சனிக்கிழமை காலை, அரை மணி நேரம் பேசுகிறோம். ஒரு கேஸ் சொல்வேன், அவள் என்ன செய்வாள் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம், "72 வயது அம்மா, இரண்டு வாரமாகப் புதுசாகத் தலைவலி" என்று மட்டும் சொன்னேன். "டாக்டர்கிட்ட சொல்லுவேன் அக்கா" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். போனில் பின்னால் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அக்கா, சாப்பிடும்போது தாடை வலிக்குதான்னு அவங்ககிட்ட கேட்கலாமா?" என்றாள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்